ஃபீட்ராவும் எட்டுத் தறியும்: 1974இல் வந்த ஒரு பெர்லின் ஆல்பம் பற்றி

தறிமேடு:
பொதட்டூர்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். டாஞ்சரின் ட்ரீம் என்ற பெர்லின்காரர்களின் "ஃபீட்ரா" ஆல்பத்தை இங்கே எத்தனை பேர் முழுசாகக் கேட்டிருப்பீர்களோ, ஆனால் போன மாதம் நான் கேட்ட விதத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதற்குத்தான் இந்த இழை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறி ஓடுகிறது. ராத்திரி ஆள் வராத நாளில் நானே ஓட்டுவேன். அப்படி ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் எட்டுத் தறியும் ஒன்றாக நின்றுவிடாது. ஒன்று, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைப் பாதி வழியிலேயே விட்டுவிட்டு நிற்கும், இன்னொன்று இரண்டு அடி அடித்துவிட்டு நிற்கும், மூலையில் இருக்கும் பழைய தறி மட்டும் கடைசியாக ஒரு முனகல் முனகி அடங்கும். அப்புறம் வருகிற அமைதி காதை அடைத்தது போல இருக்கும். நூல் மூட்டை மேல் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். சித்தூரில் படித்தபோது ஹாஸ்டல் சீனியர் ஒருவர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த ஆல்பம், போன் மாறினாலும் கூடவே வந்துகொண்டிருக்கிறது, ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

முதல் இசையே பதினேழரை நிமிடம், அதற்கும் ஃபீட்ரா என்றுதான் பெயர். எடுத்த எடுப்பில் தாளம் கிடையாது, எங்கிருந்தோ காற்று எழும்பி வருவது போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு பேஸ் ஓட்டம் நுழைந்து ஓட ஆரம்பிக்கும். அது நுழைந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஓட்டம் எனக்குத் தெரிந்த ஓட்டம். பக்கத்து ஷெட்டில் நாலைந்து தறி ஓடும்போது சுவரைத் தாண்டி வருமே, அதே கலவை. ஒவ்வொரு தறிக்கும் தனி மோட்டார், தனி பெல்ட், எல்லாம் நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் அடிதான் என்றாலும் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால் இரண்டு தறி கொஞ்ச நேரம் சேர்ந்து அடிக்கும், மெல்ல விலகும், எதிரும் புதிருமாக அடிக்கும், மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும். சின்ன வயதில் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறேன்.

பிறகு தேடிப் படித்தேன். 1973 நவம்பரில் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த மேனர் ஸ்டுடியோவில் பதிந்திருக்கிறார்கள், 1974 பிப்ரவரியில் வர்ஜின் கம்பெனி வெளியிட்டது. மொத்தம் மூன்றே பேர்: எட்கர் ஃப்ரோஸ, கிறிஸ்டோபர் ஃப்ராங்க, பீட்டர் பௌமன். இதில் ஃப்ராங்க முன்பு டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். இந்த ஆல்பத்தில் அவர் கையில் இருப்பது மின்சாரத்தில் சுரம் எழுப்பும் மோக் சிந்தசைசரும், அமைத்து வைத்த சுர வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அதன் சீக்வென்சரும். இது தெரிந்த பிறகுதான் அந்த ஓட்டத்தில் ஏன் ஒரு மனிதக் கை தெரிகிறது என்று புரிந்தது.

அவர்கள் பட்ட பாட்டையும் கேளுங்கள். வாத்தியத்தைச் சுருதி சேர்க்கவே தினமும் பல மணி நேரம் ஆகியிருக்கிறது, அமைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியெல்லாம் அந்தப் பெட்டியில் இல்லை. காலை 11 மணிக்கு உட்கார்ந்து ராத்திரி 2 மணி வரை வேலை. அப்படியும் 11ஆம் நாள் டேப்பில் இருந்தது 6 நிமிடம்தான். டேப் மெஷின் கெட்டது, மிக்சிங் மேசை திரும்பத் திரும்பக் கெட்டது, பேஸ் அவ்வளவு கீழே போனதால் ஸ்பீக்கர்களும் பாழாயின. ஃப்ரோஸ சொன்னதுதான் இதெல்லாம். எங்கள் ஷெட்டில் புதுத் தறி இறக்கிய முதல் மாதம் அப்படியே கண்முன் வந்தது.

தறி ஓட்டுகிறவருக்குக் காதுதான் கண். நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்திருந்தால் துணியில் தெரிவதற்கு முன்னால் சத்தத்தில் தெரிந்துவிடும். எட்டில் எந்தத் தறி என்று கூட, திரும்பிப் பார்க்காமலே கை காட்டுவார் அப்பா. மெஷினை இப்படிக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் செய்த இசை இது என்று எனக்குப் படுகிறது. மெஷின் தன் போக்கில் கொஞ்சம் விலகும், அவர்கள் உடனே அதட்டித் திருப்பாமல் கொஞ்சம் போகவிட்டுக் கேட்டு, அப்புறம் குமிழைத் தொடுகிறார்கள்.

நடுவில் கரண்ட் வந்துவிட்டது. நான் தறியைப் போடவில்லை. பதினேழரை நிமிடம் முடிகிற வரை எட்டும் சும்மா நின்றன. அப்பா எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தார், எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார்.

ஏகாம்பரகுப்பம்:
அண்ணா, எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. நாங்களும் தறிக்காரர்கள்தான், நகரி பக்கம். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டினார். இன்று அவரிடம் பேச வேண்டுமென்றால் முகத்துக்கு நேராக நின்று வாயைத் திறந்து பேச வேண்டும். போன் அடித்தால் தெரியாது. குக்கர் விசில் தெரியாது. பேத்தி கூப்பிட்டால் தெரியாது, குழந்தைக் குரல்தான் அவருக்குச் சுத்தமாகக் கேட்பதில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இது தறிச் சத்தத்தில் வந்தது, போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

இந்த இசையையும் கேட்டுப் பார்த்தேன். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை. அந்த ஓட்டம் ஆரம்பித்ததும் உங்களுக்குத் தூக்கம் ஞாபகம் வந்தது, எனக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசுவது ஞாபகம் வந்தது. தறிச் சத்தம் அழகு என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது, அவ்வளவுதான். சண்டைக்குச் சொல்லவில்லை.

தொப்பிரவை:
ஏகாம்பரகுப்பம் அம்மா சொன்னதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, அது தறிமேடு தம்பிதான் சொல்ல வேண்டும். நான் திருத்தணி, மிருதங்கம் வாசிக்கிறேன். ஆல்பத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன்.

எட்டுப் பத்து நிமிடம் போன பிறகு அந்த ஓட்டத்தின் சுருதி நழுவுகிறது. முதல் தடவை கேட்டபோது என் போனில்தான் கோளாறு என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன், அதே இடத்தில் அதே நழுவல். எங்கள் வாத்தியத்தில் இது அன்றாடம் நடப்பது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி அளவாகத் தண்ணீர் தொட்டு வைத்திருப்போம், கச்சேரி போகப் போக அது காயும், சுருதி ஏறும். வலது பக்கமான வலந்தலையும் மேடை விளக்குச் சூட்டில் ஏறிவிடும். பாடகர் ஆலாபனை பாடுகிற நேரத்தில் நாங்கள் தலையைக் குனிந்து கல்லால் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் நாற்பது வருஷமாக அதைச் சரி செய்ய வேண்டிய விஷயமாக மட்டுமே பார்த்து வந்தவன். இந்த மூன்று பேர் அதை அப்படியே டேப்பில் விட்டு வைத்திருக்கிறார்கள், கேட்டால் தப்பாகவே இல்லை, நேரம் ஓடியிருக்கிறது என்று அந்த நழுவல்தான் சொல்கிறது.

இதைக் கேட்க முடியவில்லை என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தால் கஷ்டம்தான். தோடி ஆலாபனைக்கு உட்காருகிற மாதிரி உட்காருங்கள், ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதே விஷயம் என்று.

தறிமேடு:
ஏகாம்பரகுப்பம் தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. எங்கள் அப்பாவுக்கும் வலது காது மந்தம். எங்கள் ஷெட்டில் எல்லோரும் கையால்தான் பேசுவோம், நூல் அறுந்தது என்பதற்கு ஒரு கை, நூல் சுற்றிய தார் மாற்று என்பதற்கு ஒரு கை, டீ வந்தது என்பதற்கு ஒரு கை. அது எங்கள் பாஷை என்று பெருமையாக நினைத்திருக்கிறேன், அந்த பாஷை எதனால் வந்தது என்று யோசித்ததில்லை. நீங்கள் சொன்ன பிறகு காதடைப்பான் ஒரு பாக்கெட் வாங்கி ஷெட்டில் வைத்திருக்கிறேன், நானும் போட ஆரம்பித்துவிட்டேன். தறிச் சத்தம் அழகு என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டால்தான் அது அழகு. உள்ளே நின்றவருக்கு அது வேறு. அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சர்க்யூட்கடை:
களியக்காவிளையில் கீபோர்டு, ஆம்ப் சர்வீஸ் செய்கிறவன். தொப்பிரவை ஐயா கேட்ட நழுவலுக்குக் காரணம் சொல்லுகேன். அந்தக் கால மோக்கில் சுரம் என்பது வோல்டேஜ்தான். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே. அரைச் சுரம் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 83 மில்லிவோல்ட். சீக்வென்சரில் வரிசைக்கு எட்டு குமிழ், அப்படி மூன்று வரிசை. ஒவ்வொரு குமிழையும் கையால் திருகி ஒரு வோல்டேஜில் வைத்தால், மெஷின் ஒன்றிலிருந்து எட்டு வரை நடந்து மறுபடி ஒன்றுக்கு வரும். எட்டு என்றதும் ஐயாவுக்கு ஆதி தாளம் ஞாபகம் வரும்.

இந்த வோல்டேஜைச் சுரமாக மாற்றும் இடத்தில் டிரான்சிஸ்டர் இருக்கிறது, அதன் குணம் சூட்டுக்குச் சூடு மாறும். ரூம் சூடானால், பெட்டி சூடானால், யாராவது கதவைத் திறந்து குளிர் காற்று வந்தால் கூட, சுரம் நகரும். சுரம் எழுப்பும் ஆஸிலேட்டர் எல்லாம் ஒரே அளவில் நகர்ந்தால் கூடப் பரவாயில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் நகரும். இப்போது என் கடைக்கு வருகிற எந்தக் கீபோர்டிலும் இது நடக்காது, சுரம் எண்ணாகத்தான் உள்ளே இருக்கிறது. சர்ச் குவயருக்கு அதுதான் வேண்டும், சரிதான். ஆனால் ஃபீட்ராவை இன்றைய கீபோர்டில் அச்சு அசலாக வாசித்தால் செத்துப் போகும், நானே ஒரு முறை முயன்று பார்த்தேன். எல்லாச் சுரமும் சரியாக இருந்தது, கேட்கத்தான் பிடிக்கவில்லை.

இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு எதுவும் சொல்லாதீர்கள். மேனர் ஸ்டுடியோ ஸ்பீக்கரையே பாழாக்கின பேஸ், போனில் கால்வாசி கூட வராது. நல்ல ஹெட்போன் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பழைய டேப் செட் ஸ்பீக்கரை மரப் பெட்டியோடு ஒரு சின்ன ஆம்ப்பில் இணையுங்கள், போதும்.

பகவதிபுரம்:
எல்லோரும் முதல் பாட்டையே பேசுகிறீர்கள், நான் இரண்டாவதைப் பற்றிச் சொல்கிறேன் அண்ணாச்சி. "மிஸ்டீரியஸ் செம்ப்ளன்ஸ் அட் த ஸ்ட்ராண்ட் ஆஃப் நைட்மேர்ஸ்", பெயர்தான் நீளம், பத்து நிமிடம் போல. அதில் தாளமே கிடையாது, மெலோட்ரான் என்ற கீபோர்டு மட்டும்.

நான் செங்கோட்டையில் ரயிலேறி வாரத்துக்கு இரண்டு தடவை புனலூர் போய் வருகிறவன். 1904இல் போட்ட தடம், மீட்டர்கேஜை எடுத்துவிட்டு அகலப்பாதையாக்கி 2018இல் திரும்பத் திறந்தார்கள். மலையில் வண்டி ஓடாது, நடக்கும். பின்னால் இன்னொரு இன்ஜின் மாட்டித் தள்ளுவார்கள், முன்னால் இழுப்பதும் பின்னால் தள்ளுவதும் ஒன்றுக்கொன்று முழுசாக ஒத்துப் போகாது, பெட்டிக்குள் உட்கார்ந்தால் அந்த முறுக்கு உடம்பில் தெரியும். பகவதிபுரம் தாண்டியதும் பெரிய குகை. உள்ளே நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வந்தால் ஆரியங்காவு, கேரளம். எங்கள் தாத்தாவுக்கு இந்தப் பேச்சே கிடையாது, 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது.

ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த நேரம். குகைக்குள் போகும்போது அந்த இரண்டாவது இசை ஆரம்பித்தது. வெளியே வந்தால் மலை முழுக்க மேகம், ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளை மட்டும். மெலோட்ரான் வயலின்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலம் வரும்போதுதான் மேகம் விலகிக் கீழே ரோடு தெரிந்தது, இசையும் அப்போதுதான் அடங்கியது.

மெலோட்ரான் என்பது என்ன என்று அப்புறம் பார்த்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு இருக்கிறது, நிஜமான வயலின்காரர்கள், புல்லாங்குழல்காரர்கள் வாசித்துப் பதிந்தது. கட்டையை அழுத்தினால் அந்த டேப் ஓடும், எட்டு விநாடிதான், அதற்கு மேல் டேப் இல்லை. விரலை எடுத்தால் ஸ்பிரிங் பின்னால் இழுத்துக்கொள்ளும். ஆக ஒவ்வொரு சுரமும் எட்டு விநாடிக்குள் முடிந்தாக வேண்டும், அதற்குள் அடுத்த விரல் வந்திருக்க வேண்டும். மூச்சு மாதிரி. அந்த இசை மூச்சு வாங்குவது போல இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பதிந்த கதையும் எனக்குப் பிடிக்கும். நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பில் மற்ற இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். ஃப்ரோஸ தன் மனைவி மோனிக்கைக் கூப்பிட்டு, ஃபேசர் என்ற கருவியின் குமிழ்களை நீ திருப்பு, நான் வாசிக்கிறேன் என்று சொல்லி ஒரே மூச்சில் பதிந்திருக்கிறார். அந்த அலை அலையாக வருகிறதே, அது அந்த அம்மாவின் கை.

வாளையார்_லாரி:
நான் இவர்களிடம் வந்தது "ரூபிகான்" வழியாக, 1975 ஆல்பம். அதில் எல்லாம் இன்னும் கைக்கு அடங்கி வந்திருக்கிறது, இரண்டே இரண்டு நீளமான பாகம், ராத்திரி பாலக்காட்டுக் கணவாயில் காற்றடிக்கும்போது கேட்க அதுதான் சரி. பிரிட்டனில் ஃபீட்ரா 15ஆவது இடம் வரை போனது, ரூபிகான் 10. ஆனாலும் சர்க்யூட்கடை அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு ஃபீட்ராவைத் திரும்பக் கேட்டேன். ரூபிகானில் மெஷினுக்கு வழி தெரிந்துவிட்டது, ஃபீட்ராவில் இன்னும் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இப்போது இரண்டும் வேண்டும்.

தறிமேடு:
வாளையார், "வழி தெரியவில்லை" என்பது சரியான சொல். முதல் பாட்டின் கடைசி இரண்டு நிமிடம் கவனித்தீர்களா? ஓட்டமெல்லாம் நின்று, மெலோட்ரானும் ஓய்ந்த பிறகு, எங்கோ தூரத்தில் குழந்தைகள் விளையாடுவது போல ஒரு சத்தம் வரும். தறி நின்ற பிறகுதான் எங்கள் தெருவிலும் அது கேட்கும்.

ஏகாம்பரகுப்பம்:
அண்ணா, திரும்ப வந்திருக்கிறேன். நீங்கள் காதடைப்பான் வாங்கியதைப் படித்தேன், சந்தோஷம். தம்பிகளையும் போடச் சொல்லுங்கள், பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், சின்னப் பையன்களாவது போடட்டும்.

சர்க்யூட்கடை ஐயா சொன்ன மாதிரி எங்கள் வீட்டுப் பழைய டேப் செட் ஸ்பீக்கரைத் தேடி எடுத்தேன், பக்கத்து வீட்டுப் பையன் ஆம்ப் மாட்டிக் கொடுத்தான். முதலில் கடைசிப் பாட்டைத்தான் போட்டேன், "சீக்வென்ட் சி", இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், புல்லாங்குழல் மட்டும் எதிரொலித்துக்கொண்டே போகும். அது எனக்குப் பிடித்தது. தறி இல்லாத பாட்டு. அதையே நாலைந்து தடவை கேட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, முதல் பாட்டை முழுசாகப் போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். ஸ்பீக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் இருந்தது. அப்பா கட்டிலில் படுத்திருந்தார். வழக்கமாக டிவி ஓடினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அந்தக் கீழ் ஓட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். கையை நீட்டி ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்தார். உள்ளங்கை முழுசாக, பாவு இழுவை சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. நான் நிறுத்தட்டுமா என்று சைகை செய்தேன், வேண்டாம் என்று தலையாட்டினார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சுருதி நழுவுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடம் வந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, சத்தமாக, அவர் எப்போதும் பேசுகிற மாதிரி, "பெல்ட் நழுவுது பாரு, யாரு ஓட்டறாங்க?" என்று கேட்டார்.

தறிமேடு:
என்ன பதில் சொன்னீர்கள்?

ஏகாம்பரகுப்பம்:
மூன்று விரலைக் காட்டினேன். மூன்று பேர் என்று. சரி என்று தலையாட்டிவிட்டு, கையை எடுக்காமல் கடைசி வரை கேட்டார். குழந்தைகள் சத்தம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை, முடிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இருக்கிறது என்று சொன்னேன்.